மாதிரிப் பீரங்கி வண்டிகளில் நெகிழி உறுப்புகளும் உலோக உறுப்புகளும்

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிப் பீரங்கி வண்டி என்பது, உண்மையான பீரங்கி வண்டி (தகரி) ஒன்றின் சிறிய அளவு வடிவமாகச் செய்யப்பட்டு, தொலைவிலிருந்து வானொலி அலைகள் மூலம் இயக்கப்படும் மின் வாகனம் ஆகும். இவ்வகை மாதிரிகளின் உறுப்புகள் நெகிழி எனப்படும் பிளாஸ்டிக்கினாலோ உலோகத்தினாலோ செய்யப்படுகின்றன. பல மாதிரிகளில் இரண்டும் கலந்து காணப்படுகின்றன. நெகிழி உறுப்புகளை நீக்கி அவற்றின் இடத்தில் உலோக உறுப்புகளைப் பொருத்துவது இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோரிடையே பரவலாக உள்ள வழக்கம் ஆகும்.

உலோகம் நெகிழியைவிட வலிமையானது என்பதால், உலோக உறுப்பு எப்போதும் சிறந்தது எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் ஒரு உறுப்பை மட்டும் உலோகமாக மாற்றும்போது, அதன் எடையும் அது கடத்தும் விசையும் அடுத்துள்ள உறுப்பின் மீது விழுகின்றன. எனவே எந்தப் பொருள் வலிமையானது என்பதைவிட, சுமை எந்த வழியாகச் செல்கின்றது என்பதே தெரிவைத் தீர்மானிக்கின்றது.

பின்னணி

சப்பானின் சிசுவோக்கா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1974 இல் தனது முதல் வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரியாக 1/16 அளவுத்திட்டத்தில் எம்4 செர்மன் பீரங்கி வண்டியை வெளியிட்டது. 1/16 அளவுத்திட்டம் என்பது உண்மை வண்டியின் ஒவ்வொரு நீளமும் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும். இன்றும் இத்துறையில் மிகப் பரவலாகப் பயன்படுவது இவ்வளவே ஆகும். 1/35, 1/24, 1/6 முதலிய அளவுகளிலும் மாதிரிகள் உள்ளன.

சீன நிறுவனமான ஹெங் லாங் ஒரே வண்டியைப் பல தரங்களில் விற்கின்றது. அடிப்படைத் தரத்தில் ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் நெகிழியாக இருக்கும். உயர்ந்த தரங்களில் பற்சக்கரப் பெட்டி, தடச்சங்கிலி போன்றவை உலோகமாக இருக்கும். இதனால் வாங்கும்போதே நெகிழியா, உலோகமா என்ற கேள்வி எழுகின்றது. அடிப்படைத் தரத்தை வாங்கிப் பின்னர் ஒவ்வொரு உறுப்பாக மாற்றுவோருக்கும் இதே கேள்வி உண்டு.

விசை செல்லும் வழி

மாதிரிப் பீரங்கி வண்டியின் இயக்கத்தைப் புரிந்துகொள்ளப் பின்வரும் உறுப்புகளை அறிந்திருப்பது உதவும்.

- மின்னோடி: மின்கலத்தின் ஆற்றலைச் சுழற்சியாக மாற்றும் உறுப்பு. மோட்டார் எனவும் அழைக்கப்படும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றாக இரண்டு மின்னோடிகள் இருப்பது வழக்கம்.
- பற்சக்கரப் பெட்டி: மின்னோடியின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவது. கியர்பாக்ஸ் என்பதும் இதுவே.
- ஸ்ப்ராக்கெட்: பற்சக்கரப் பெட்டியின் அச்சில் பொருத்தப்பட்டு, தன் பற்களால் தடச்சங்கிலியை இழுக்கும் சக்கரம்.
- தடச்சங்கிலி: வண்டியின் இருபுறமும் ஓடும், கண்ணிகளால் ஆன பட்டை.
- ஐட்லர்: ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர் முனையில் இருந்து சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் சக்கரம். சங்கிலியின் இறுக்கம் இதனை நகர்த்துவதன் மூலம் சரிசெய்யப்படும்.
- தாங்குசக்கரங்கள்: வண்டியின் எடையைத் தாங்கிச் சங்கிலியின் மேல் உருளும் சக்கரங்கள். இவை புயங்கள், சுருள்வில்கள் வழியாக உடற்பகுதியுடன் இணைக்கப்பட்டிருக்கும்.
- கீழுடல்: மேற்கூறிய அனைத்தும் பொருத்தப்பட்டுள்ள தொட்டி போன்ற அடிப்பகுதி.

மின்னோடியில் தோன்றும் விசை பற்சக்கரங்கள், அச்சு, ஸ்ப்ராக்கெட், சங்கிலி என்ற வரிசையில் தரையை அடைகின்றது. வண்டி தடைபடும்போது இவ்வரிசையில் எந்த உறுப்பு மிகவும் நலிந்ததோ அதுவே முதலில் உடையும். ஒரு கண்ணியை மட்டும் வலுப்படுத்துவதால் சங்கிலி முழுவதும் வலுப்பெறுவதில்லை. உடையும் இடம் மட்டுமே மாறுகின்றது.

பயன்படும் பொருட்கள்

நெகிழி, உலோகம் என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், இரண்டிலும் பல வகைகள் உள்ளன. அவற்றின் பண்புகள் வெகுவாக வேறுபடுகின்றன. கீழே உள்ள மதிப்புகள் ஏறத்தாழவானவை. அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்குக் கிராமிலும், இழுவிசை வலிமை மெகா பாஸ்கலிலும் தரப்பட்டுள்ளன.

- ஏபிஎஸ் நெகிழி: அடர்த்தி 1.05, வலிமை 40. உடற்பகுதி, சக்கரங்கள், சங்கிலி ஆகியவற்றில் பயன்படுகின்றது.
- அசெட்டால் நெகிழி: அடர்த்தி 1.4, வலிமை 65. வழுக்கும் தன்மை கொண்டது. தரமான நெகிழிப் பற்சக்கரங்களில் பயன்படுகின்றது.
- துத்தநாகக் கலப்புலோகம்: அடர்த்தி 6.6, வலிமை 280. அச்சு வார்ப்பு முறையில் எளிதில் வார்க்கக் கூடியது. விற்பனையில் உள்ள உலோகச் சங்கிலிகளும் சக்கரங்களும் பெரும்பாலும் இதனால் ஆனவை.
- அலுமினியக் கலப்புலோகம்: அடர்த்தி 2.7, வலிமை வகையைப் பொறுத்து மாறும்; பரவலாகப் பயன்படும் வகைகளில் ஏறத்தாழ 300 வரை. பீரங்கிக் குழல், தகடுகள், கடைந்தெடுத்த சக்கரங்கள் ஆகியவற்றில் பயன்படுகின்றது.
- மென் எஃகு: அடர்த்தி 7.85, வலிமை 400. அச்சுகள், ஊசிகள், பற்சக்கரங்களில் பயன்படுகின்றது.

துத்தநாகக் கலப்புலோகம் ஏபிஎஸ் நெகிழியைவிட ஏழு மடங்கு வலிமையானது. ஆனால் ஆறு மடங்கு எடையும் கொண்டது. அதாவது எடைக்கு ஏற்ற வலிமையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அலுமினியமோ எடைக்கு ஏற்ற வலிமையில் இவ்விரண்டையும் விஞ்சுகின்றது. "உலோகம்" என்று உறையில் எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது, எந்த உலோகம் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

துத்தநாகக் கலப்புலோகத்துக்குத் தனக்கே உரிய குறை ஒன்று உண்டு. ஈயம் போன்ற மாசுகள் கலந்த துத்தநாகத்தில் வார்க்கப்பட்ட பொருட்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்தே வெடித்து உதிர்கின்றன. இது துத்தநாக நோய் எனப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்ட பொம்மைத் தொடர்வண்டிகள் பல இவ்வாறு அழிந்தன. இக்காலத்தில் தூய துத்தநாகத்தைக் கொண்டு வார்க்கப்படும் உறுப்புகளில் இக்குறை அரிது.

எடையும் அளவுத்திட்டமும்

உலோக உறுப்புகள் விரும்பப்படுவதற்கு வலிமை மட்டும் காரணம் அன்று. எடையும் ஒரு காரணம் ஆகும். நெகிழி வண்டிகள் சிறு கல்லின் மீதும் துள்ளி விளையாட்டுப் பொருள் போல் ஓடுகின்றன. எடை மிகுந்த வண்டி தரையோடு ஒட்டி மெதுவாக ஏறி இறங்குவதால் உண்மை வண்டியை ஒத்துக் காணப்படும்.

நீளம் பதினாறில் ஒரு பங்காகும்போது, கன அளவு 16 x 16 x 16, அதாவது 4096 இல் ஒரு பங்காகக் குறைகின்றது. இரண்டாம் உலகப் போரில் செருமனி பயன்படுத்திய டைகர் 1 வண்டியின் எடை 57 டன். இதனை 4096 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 கிலோகிராம் கிடைக்கின்றது. 32 டன் எடையுள்ள சோவியத் டி-34/85 வண்டிக்கு இது ஏறத்தாழ 8 கிலோகிராம் ஆகும். நெகிழியால் ஆன 1/16 டைகர் சில கிலோகிராம் மட்டுமே இருக்கும். பெரும்பாலான உறுப்புகளை உலோகமாக்கினாலும் 14 கிலோகிராமை எட்டுவது கடினம்.

அளவுத்திட்டம் பெரிதாகும்போது எடை நீளத்தின் மும்மடியாகக் கூடுகின்றது. ஆனால் ஓர் உறுப்பின் வலிமையைத் தீர்மானிக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு இருமடியாக மட்டுமே கூடுகின்றது. இதனால் சிறிய மாதிரிகளுக்குப் போதுமான நெகிழி, பெரிய மாதிரிகளுக்குப் போதாது. 1/35 அளவில் டைகரின் அளவுத்திட்ட எடை 1.3 கிலோகிராம் மட்டுமே. 1/6 அளவில் அது 264 கிலோகிராம் ஆகின்றது. பிரித்தானியாவைச் சேர்ந்த ஆர்மர்டெக் நிறுவனத்தின் 1/6 மாதிரிகள் அலுமினியம், எஃகு ஆகியவற்றால் செய்யப்படுவதற்கு இதுவே காரணம். இரண்டுக்கும் இடைப்பட்ட 1/16 அளவில்தான் நெகிழியும் உலோகமும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

திரும்பும்போது ஏற்படும் சுமை

பீரங்கி வண்டிக்குத் திரும்பும் முன்சக்கரங்கள் இல்லை. இரு சங்கிலிகளும் வெவ்வேறு வேகத்தில் அல்லது எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் வண்டி திரும்புகின்றது. அப்போது தரையில் படிந்துள்ள சங்கிலி பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகின்றது. பற்சக்கரப் பெட்டி மிக அதிகச் சுமையைச் சந்திப்பது பெரும்பாலும் இந்நேரத்தில்தான்.

எடை சங்கிலி முழுவதும் சீராகப் பரவியுள்ளதாகக் கொண்டால், நின்ற இடத்தில் திரும்புவதை எதிர்க்கும் திருப்புத்திறன், உராய்வுக் கெழு, எடை, தரையைத் தொடும் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கத்தை நான்கால் வகுத்த அளவு ஆகும். எடுத்துக்காட்டாக, 4 கிலோகிராம் எடையும், தரையைத் தொடும் நீளம் 22 செ.மீ.யும், சங்கிலிகளுக்கு இடையே 18 செ.மீ. இடைவெளியும் கொண்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.7 எனில் எதிர்ப்பு ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர் ஆகும். இதனை வெல்ல ஒவ்வொரு சங்கிலியும் ஏறத்தாழ 8.4 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். 2.5 செ.மீ. ஆரமுள்ள ஸ்ப்ராக்கெட்டின் அச்சில் இது 0.21 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையாகின்றது.

அதே வண்டியின் எடை 8 கிலோகிராமாகக் கூடினால் இம்முறுக்குவிசை 0.42 நியூட்டன் மீட்டராக இருமடங்காகும். நிலைகாந்த மின்னோடியில் முறுக்குவிசையும் மின்னோட்டமும் நேர்விகிதத்தில் உள்ளன. எனவே மின்னோட்டமும் ஏறத்தாழ இருமடங்காகும். கம்பிச்சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது நான்கு மடங்காகும். எடை கூடியபின் மின்னோடி சூடாவதும், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று கருகுவதும், மின்கலம் விரைவில் தீர்ந்துபோவதும் இதன் விளைவுகளே.

உறுப்பு வாரியான ஒப்பீடு

பற்சக்கரப் பெட்டி

நெகிழிப் பற்சக்கரங்கள் ஓசை குறைந்தவை, எடை குறைந்தவை, விலை மலிவானவை. இலேசான வண்டியைச் சமதரையில் ஓட்ட இவை போதுமானவை. வண்டி தடைபட்டு மின்னோடி தொடர்ந்து விசை கொடுக்கும்போது பற்கள் வளைந்து ஒன்றையொன்று தாண்டுகின்றன. "கடகட" என்ற ஓசை எழுகின்றது. பல் தேயத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அறிகுறி ஆகும்.

உலோகப் பற்சக்கரங்கள் இச்சுமையைத் தாங்குகின்றன. ஆயினும் ஓசை மிகுந்தவை. மசகு இன்றி ஓடினால் உலோகத்தோடு உலோகம் உரசித் தூள் உதிர்கின்றது. அத்தூள் மசகுடன் கலந்து தேய்க்கும் பசையாக மாறி மேலும் தேய்மானத்தை உண்டாக்குகின்றது. எஃகுப் பற்சக்கரங்கள் துத்தநாக வார்ப்புப் பற்சக்கரங்களைவிட நீடித்து உழைக்கும். அச்சுகள் புஷ்களில் சுழல்வதற்குப் பதிலாகப் பந்துப் பேரிங்குகளில் சுழல்வது, உலோகப் பெட்டியில் கவனிக்க வேண்டிய மற்றொரு சிறப்பு ஆகும்.

ஸ்ப்ராக்கெட்டும் ஐட்லரும்

இவற்றின் பொருள் சங்கிலியின் பொருளைப் பொறுத்துத் தெரிவு செய்யப்பட வேண்டும். உலோகச் சங்கிலி நெகிழி ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அரம் போல் அராவிவிடும். பல் தேய்ந்ததும் சங்கிலி வழுக்கிக் கழன்றுவிடும். நெகிழி ஐட்லரின் புயம் உலோகச் சங்கிலியின் இழுப்பால் வளையும். இதற்கு மாறாக, உலோக ஸ்ப்ராக்கெட்டின் மேல் நெகிழிச் சங்கிலி ஓடுவதில் பெரும் இடர் இல்லை. பற்களில் வார்ப்பின் கூர்மையான பிசிறுகள் இருந்தால் அவற்றை அராவி நீக்கினால் போதும்.

தடச்சங்கிலி

தோற்றத்தில் பெரும் மாற்றத்தைக் கொடுப்பது உலோகச் சங்கிலி ஆகும். டைகர், பாந்தர், டி-34 போன்ற வண்டிகளில் சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் இல்லை. சங்கிலி தன் எடையால் தொய்ந்து சக்கரங்களின் மேல் படிந்து கிடக்கும். இலேசான நெகிழிச் சங்கிலி இவ்வாறு தொய்வதில்லை. உலோகச் சங்கிலி இயல்பாகவே தொய்கின்றது. மேலும் அதன் எடை வண்டியின் அடியில் அமைவதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, சரிவுகளில் வண்டி கவிழாமல் நிற்கின்றது.

எனினும் உலோகச் சங்கிலியே மற்ற எல்லா உறுப்புகளுக்கும் மிகுந்த சுமையைக் கொடுப்பதும் ஆகும். கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் அதிர்வால் வெளியே நழுவக் கூடும். ஊசித் துளைகள் தேயத் தேயச் சங்கிலி நீள்கின்றது. அப்போது ஒரு கண்ணியை நீக்கி இறுக்க வேண்டும். வழுவழுப்பான ஓட்டுத் தரையில் உலோகச் சங்கிலி வழுக்குவதோடு கீறல்களையும் உண்டாக்கும். வீட்டுக்குள் ஓட்டுவோருக்கு நெகிழிச் சங்கிலியே பொருத்தமானது.

நெகிழிச் சங்கிலிக்கு மற்றொரு பயனும் உண்டு. சக்கரங்களுக்கிடையே கல் சிக்கும்போது மலிவான ஒரு கண்ணி உடைந்து, விலை கூடிய பற்சக்கரப் பெட்டி காக்கப்படுகின்றது. மின்சுற்றில் உருகி செய்யும் வேலையை இது செய்கின்றது. தாமியாவின் 1/16 மாதிரிகளில் உலோகப் பற்சக்கரங்களும் நெகிழிச் சங்கிலியும் சேர்ந்து காணப்படுகின்றன. இச்சேர்க்கை முழு உலோக வண்டிக்கான அரைகுறை முயற்சி அன்று; தன்னளவில் சமநிலை கொண்ட ஓர் அமைப்பு ஆகும்.

தாங்குசக்கரங்கள், சுருள்வில்கள்

எடை கூடும்போது சுருள்வில்கள் அமுங்கி, வண்டி ஒரு பக்கமோ பின்புறமோ தாழ்ந்து நிற்கும். எனவே வண்டியின் எடையைக் கூட்டினால் வலிமையான வில்களும் உலோகப் புயங்களும் தேவைப்படும். இலேசான வண்டியில் கடினமான வில்களைப் பொருத்துவதும் தவறே. அப்போது வில்கள் அசையாமல், சக்கரங்கள் மேடுபள்ளங்களைத் தொடர இயலாது போகும்.

கீழுடல்

நெகிழிக் கீழுடலின் பக்கச் சுவர்கள் உலோகச் சங்கிலியின் இழுப்பால் உள்நோக்கி வளையலாம். பற்சக்கரப் பெட்டி பொருத்தப்பட்டுள்ள திருகாணித் தூண்கள் பிளவுபடலாம். முழுக் கீழுடலையும் உலோகமாக மாற்றுவது செலவு மிகுந்த தீர்வு. இரு சுவர்களுக்கும் இடையே அலுமினியத் தகடு ஒன்றைக் குறுக்கே பொருத்துவது பல வண்டிகளுக்குப் போதுமானது.

சுழற்கோபுரமும் பீரங்கிக் குழலும்

இவ்வுறுப்புகள் இழுவிசையைத் தாங்குவதில்லை. ஆகவே இவற்றை உலோகமாக்குவதால் வலிமையில் பயன் குறைவு. எடை மேலே ஏறுவதால் வண்டி எளிதில் கவிழும். உலோகக் குழல் முன்புறம் கனத்து, அதனை உயர்த்தும் சிறு மின்னோடியைத் திணறச் செய்யும். எடை குறைந்த அலுமினியக் குழல் இதற்கு விதிவிலக்காகக் கொள்ளத்தக்கது.

மாற்றும் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கின்றது: மாற்றங்களை விசை தோன்றும் இடத்திலிருந்து வெளிநோக்கிச் செய்ய வேண்டும்.

1. முதலில் பற்சக்கரப் பெட்டி.
2. அடுத்து ஸ்ப்ராக்கெட், ஐட்லர், அதன் இறுக்கும் புயம்.
3. அதன் பின்னர் தடச்சங்கிலி.
4. சங்கிலியின் எடைக்கேற்பப் புயங்கள், வில்கள், கீழுடலின் வலுவூட்டல்.
5. இறுதியாகத் தோற்றத்துக்கான உறுப்புகள்.

புதிதாக வருவோர் பலர் கண்ணுக்குத் தெரியும் சங்கிலியை முதலில் வாங்குகின்றனர். அவ்வாறு செய்தால் நெகிழிப் பற்களும் ஸ்ப்ராக்கெட்டும் சிதைந்து, வாங்க எண்ணாத உறுப்புகளையும் வாங்க நேரிடும். குறைந்த பணம் கொண்ட மாணவர் ஒருவர் இவ்வரிசையில் முதற்படியோடு நின்றாலும் அவருடைய வண்டி முன்பைவிட உறுதியானதாகவே இருக்கும். மூன்றாம் படியை முதலில் செய்தவரின் வண்டி முன்பைவிட நலிந்ததாகிவிடும். ஒவ்வொரு படியிலும் மின்னோடியைத் தொட்டுப் பார்த்து அதன் சூட்டைக் கவனிப்பது எளிய சோதனை ஆகும்.

வானொலி அலைகளும் மின்சுற்றும்

உலோகம் வானொலி அலைகளை மறைக்கின்றது. முன்னர் பரவலாக இருந்த 27 மெகா ஏர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதற்கு வண்டிக்கு வெளியே நீண்ட உணர்கம்பி தேவைப்பட்டது. பின்னர் வந்த 2.4 கிகா ஏர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. மட்டுமே. இதன் குட்டையான உணர்கம்பியை நெகிழி உடலுக்குள்ளேயே வைக்கலாம். கீழுடலும் மேலுடலும் உலோகமாக மாற்றப்பட்டால், உள்ளே இருக்கும் உணர்கம்பிக்கு அலைகள் சரியாக எட்டாமல் வண்டி கட்டளைகளை இழக்கும். ஆகவே உணர்கம்பியின் முனையை உலோகத்துக்கு வெளியே, அல்லது நெகிழியால் ஆன மூடி ஒன்றின் கீழ் வைக்க வேண்டும்.

மேலும் உலோகம் மின்கடத்தி என்பதால், உறை கிழிந்த கம்பி கீழுடலைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். கம்பிகள் கடந்து செல்லும் துளைகளின் விளிம்புகளில் இரப்பர் வளையங்களைப் பொருத்துவதும், மின்கலத்துடன் தொடராக உருகி ஒன்றை இணைப்பதும் பாதுகாப்பானவை.

பராமரிப்பு

உலோக உறுப்புகளின் திருகாணிகள் அதிர்வால் தளரும். அவற்றைப் பிடித்துவைக்கும் திருகாணிப் பசைகளில் சில, ஏபிஎஸ் போன்ற நெகிழிகளில் பட்டால் வெடிப்புகளை உண்டாக்கும். எனவே உலோகத்தோடு உலோகம் இணையும் இடத்தில் மட்டுமே அவற்றை இட வேண்டும். நெகிழி உறுப்புகளுக்குச் சிலிக்கோன் மசகு ஏற்றது. நெகிழித் தூண்களில் திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினால் உள்வரி அழிந்துவிடும். ஏபிஎஸ் நெகிழி வெயிலின் புறஊதாக் கதிர்களால் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுவதால், வண்டியை வெயிலில் விட்டுவைத்தல் கூடாது.

புதிய உலோகப் பற்சக்கரப் பெட்டியைச் சுமையின்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, பழைய மசகைத் துடைத்து நீக்கிப் புதியதை இடுவது நன்று. மணலில் ஓட்டிய பின்னர் சங்கிலியைக் கழற்றித் துலக்க வேண்டும். உப்பு நீர் பட்ட இடத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும்.

பயன்பாட்டுக்கேற்ற தெரிவு

வீட்டுக்குள் சமதரையில் ஓட்டுவதற்கு முழு நெகிழி வண்டி போதுமானது. தோட்டத்திலும் புல்வெளியிலும் அடிக்கடி ஓட்டுவோருக்கு உலோகப் பற்சக்கரப் பெட்டி, உலோக ஸ்ப்ராக்கெட், நெகிழிச் சங்கிலி ஆகியவற்றின் சேர்க்கை நீண்ட நாள் உழைக்கும். உண்மை வண்டியின் அசைவையும் ஓசையையும் நாடுவோர் உலோகச் சங்கிலியை விரும்புவர். அவர்கள் சங்கிலியின் விலையோடு, அதனை இழுத்துச் செல்லும் எல்லா உறுப்புகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.